ஒக் என்றால் ஓம்

என் மகள் தன் கல்யாணச் செய்தியை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நண்டுக் குழம்பு மேசைக்கு வந்த பிறகுதான் சொன்னாள். நண்டு சாப்பிடுகிறவருக்கு இரண்டு கையும் வாயும் வேலையாக இருக்கும், உடனே எழும்பிச் சத்தம் போட முடியாது என்று யோசித்திருக்கிறாள். ஒஸ்லோவில் பிறந்த பிள்ளைகளுக்கு எதையும் திட்டமிட்டுச் செய்யப் பள்ளிக்கூடத்திலேயே பழக்கிவிடுகிறார்கள். வரி கட்டுகிறோம், பலன் வீட்டுக்கே வந்து சேருகிறது.

"அப்பா, நான் கலியாணம் கட்டப்போறன். என்ரை சம்பூரைத்தான்."

என் கணவர் நண்டுக்காலை வாயிலிருந்து எடுத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"சம்பூரோ? திருகோணமலைப் பக்கம். நல்ல சனங்கள்."

"ஊர் இல்லையப்பா. சம்பூர் எண்டால் கட்டாமல் ஒரே வீட்டிலை சேர்ந்து இருக்கிற ஆள். நோர்வேஜியச் சொல்லு."

இப்படியாக என் கணவர், மருமகன் திருகோணமலைக்காரர் இல்லை என்பதையும், மகள் இத்தனை நாளாகத் தோழியோடு வீடெடுத்து இருக்கவில்லை என்பதையும் ஒரே மூச்சில் தெரிந்துகொண்டார். எனக்கு அந்தத் தோழி மேல் ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இருந்ததில்லை. ஒருநாளும் வீட்டுக்கு வராத, ஆண்களுடைய அளவில் சப்பாத்துப் போடுகிற தோழி. ஆனால் நம்புவது எல்லோருக்கும் வசதியாக இருந்தபடியால் நானும் நம்பினேன்.

"ஆர் ஆள்? வெள்ளையோ?"

"பிரான்ஸிலை தெற்குப் பக்கம். ஆனால் அவரைப் பிரெஞ்சுக்காரன் எண்டு சொல்லிப்போடாதேங்கோ, அவருக்குப் பிடிக்காது. அவர் ஒக்சித்தான்."

"அது என்ன, சமயமோ?"

"மொழி."

"பிரான்ஸிலை பிறந்து போட்டு பிரெஞ்சுக்காரன் இல்லை எண்டு சொல்லுறவனோ?" என்று என் கணவர் நண்டுக்காலைத் தட்டில் போட்டார். "உப்பிடிப்பட்டவங்களை நம்பேலாது."

இவர் யார் தெரியுமா? இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து, 'நீங்கள் சிறிலங்கனா' என்று கேட்கிற ஒவ்வொரு பஸ் சாரதியையும் பல் வைத்தியரையும் நிறுத்தி வைத்து, 'இல்லை, தமிழர்' என்று திருத்தி, பின்னால் நிற்கிற வரிசை முழுவதற்கும் விளக்கம் சொல்லுகிறவர். இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை அவருக்குத் தெரியவில்லை. நானும் எடுத்துச் சொல்லப் போகவில்லை. குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

இரண்டு கிழமை கழித்து அந்த ஒக்சித்தான்காரர் வீட்டுக்கு வந்தார். உயரமும் இல்லை, நிறமும் அப்படி வெள்ளை இல்லை. மூக்கு மட்டும் கொஞ்சம் அதிகம். மாடிக் கட்டடங்களில் லிப்ட் திருத்துகிற வேலை. என் கணவருக்கு அரைவாசிக் கோபம் அந்த இடத்திலேயே தணிந்தது, ஏனென்றால் எங்கள் கட்டடத்து லிப்ட் பனிக்காலம் தொடங்கினால் மூன்றாம் மாடியில் நின்று யோசிக்கிற பழக்கம் உள்ளது. வருகிற மருமகன் டொக்டராக இருந்தால் நமக்கு வருத்தம் வரும்போதுதான் பயன். லிப்ட் திருத்துகிறவர் தினமும் பயன்.

அன்றைக்கு லில்லெஸ்ட்ரோமிலிருந்து ரயில் பிடித்து இன்னொருவரும் வந்திருந்தார். என் கணவரின் அண்ணர். வீட்டில் எல்லோருக்கும் அவர் பெரியப்பா, எனக்கும் அப்படியே பழகிவிட்டது. தபால் பிரிக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தமிழைக் காப்பாற்றும் பொறுப்பைத் தானாகவே ஏற்றுக்கொண்டவர். யாரும் கேட்கவில்லை, தமிழும் கேட்கவில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் பிழை திருத்துவார், பிறகுதான் யாருக்குக் கல்யாணம் என்று பார்ப்பார்.

எல்லோரும் நோர்வேஜிய மொழியில்தான் கதைத்தோம். அந்த மொழியில் நீ, நீர், நீங்கள் எல்லாம் ஒன்றுதான். பிரதமரும் பூனையும் அதில் சமம். வருகிற மருமகன் அதைப் புத்தகம் பார்த்துப் படித்தவர் என்பதால் பிழையில்லாமல், நிறுத்தி நிறுத்திப் பேசினார். அதனால் அவர் சொன்னதை எழுத்துத் தமிழிலும், எங்கள் ஆட்கள் சொன்னதை எங்கள் வாய்த் தமிழிலும் தருகிறேன். அதுதான் நியாயம்.

"உங்கடை மொழியின்ரை பேருக்கு என்ன அர்த்தம்?" என்று பெரியப்பா தொடங்கினார். சாதி கேட்க முடியாத இடத்தில் அவர் மொழி கேட்பார்.

"ஒக் என்றால் ஆம்," என்றார் அவர். "அதிலிருந்துதான் பெயர். பழைய காலத்தில் பிரான்ஸின் வடக்கே இருந்தவர்கள் ஆம் என்பதற்கு ஒயில் என்றார்கள். அதுதான் தேய்ந்து இன்றைய பிரெஞ்சின் வீ ஆனது. தெற்கே நாங்கள் ஒக் என்றோம். இத்தாலியர்கள் சி என்றார்கள். அப்போது யாரோ இவற்றை ஆம் என்று சொல்லும் விதத்தை வைத்தே பிரித்துப் பெயர் சொன்னார்கள். எங்களுடையது ஒக் மொழி."

"ஒரு மொழிக்கு 'ஓம்' எண்டு பேர் வைச்சவங்களோ?" என்று என் கணவர் என் காதுக்குள் கேட்டார்.

"எங்கடை வீட்டிலை ஒரு மொழி இருந்தால் அதுக்கு 'ஏலாது' எண்டுதான் பேர் வந்திருக்கும்," என்றேன் நான்.

ஆனால் பெரியப்பாவின் முகத்தில் வேறு ஒரு வெளிச்சம் பரவிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தை நான் அறிவேன். அது வந்தால் சாப்பாடு பிந்தும்.

"ஒயில் எண்டால் தமிழிலை அழகு, நடை," என்றார். "ஒயிலாட்டம். ஒக் எண்டது ஒக்கும். ஒத்துக்கொள்ளுறது. இரண்டும் எங்கடை சொல்லு. தம்பி, உங்கடை ஆக்கள் எப்ப எங்கடை பக்கம் இருந்து போனவை?"

வருகிற மருமகன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, ஒக் என்பது லத்தீனில் 'இது' என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து வந்தது என்றார். ஒருவன் எதையோ கேட்க, மற்றவன் 'இது' என்று சொல்லி ஒத்துக்கொள்வான். வடக்கத்தியர் அதே 'இது'வோடு 'அவன்' என்பதையும் சேர்த்து 'இது அவன்' என்று நீட்டியதில்தான் ஒயில் வந்ததாம். ஆக, ஒரே சொல்லில் இருந்து பிறந்த இரண்டு ஆம்கள், நூற்றாண்டுக் கணக்காக முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. எனக்கு அது புரிந்தது. என் கணவருக்குக் கொழும்பில் அப்படி இரண்டு மாமாக்கள் இருக்கிறார்கள்.

பெரியப்பா லத்தீனை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. "லத்தீனும் பிறகு வந்ததுதான்," என்று சொல்லிவிட்டுச் சோற்றில் கை வைத்தார்.

அந்தப் பேச்சு எனக்குள் வேறு ஒன்றைக் கிளப்பியது. நான் வேலை பார்க்கும் பாலர் பள்ளியில் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நான் போனில் வீட்டோடு கதைக்கும்போது "ஓம், ஓம், ஓம்" என்று சொல்வதைக் கேட்டு, நான் இடைவேளைகளில் தியானம் செய்கிறேன் என்று நினைத்திருந்தாள். "எவ்ளோ டென்ஷன் இருந்தாலும் அக்கா மந்திரத்தை விடமாட்டேங்கறாங்க" என்று மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறாள். அவள் ஆமா என்பாள், நான் ஓம் என்பேன். அந்தக் காலத்து ஆட்களின் கையில் நாங்கள் அகப்பட்டிருந்தால் ஆமா மொழி, ஓம் மொழி என்று இரண்டாகப் பிரித்து, நடுவில் கோடும் போட்டிருப்பார்கள்.

நான் இதை மேசையில் சொன்னேன். பெரியப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டார்.

"பிள்ளை, பகிடிக்கும் உப்பிடிக் கதைக்கக்கூடாது. தமிழ் ஒண்டுதான்."

"எங்களிடமும் இதே சண்டை," என்றார் வருகிற மருமகன், விஷயம் பிடிபட்டுவிட்ட சந்தோஷத்தில். "புரோவன்ஸ் பக்கத்தில் சிலர், தங்களுடையது தனி மொழி, ஒக்சித்தான் இல்லை என்கிறார்கள்."

"அவை பிழை," என்றார் பெரியப்பா, அந்த மொழியின் பெயரைக் கேள்விப்பட்டு முக்கால் மணி நேரம்கூட ஆகாத நிலையில். அன்றோடு அவர் மருமகனின் கட்சி.

கடைசியில் வருகிற மருமகன் கொஞ்சம் வெட்கத்தோடு இன்னொன்றும் சொன்னார். பழைய காலத்தில் அந்த மொழி பேசியவர்களே அதை இந்தப் பெயரால் அழைக்கவில்லையாம். ஒவ்வொரு ஊரும் தன் பக்கத்துப் பெயரைச் சொன்னது. தெற்கை வடக்கத்து அரசர் பிடித்துக்கொண்ட பிறகு, அரசரின் எழுத்தர்கள் தங்கள் லத்தீன் கடிதங்களில் அந்த நிலத்துக்கு ஒரு பெயர் தேவைப்பட்டு, ஒக் என்பதோடு பக்கத்து நிலத்துப் பெயரின் வாலை ஒட்டி ஒக்சித்தானியா என்று எழுதினார்கள் என்று சொல்லப்படுகிறதாம். அதாவது, பிடிக்க வந்தவன் வைத்த பெயரை நெஞ்சில் குத்திக்கொண்டு, பிடிக்க வந்தவனோடு சண்டை. என் கணவர் முதல் முறையாக அவரை அன்போடு பார்த்தார்.

"எங்கடை லிப்டையும் ஒருக்காப் பாருங்கோவன்," என்றார்.

சம்மதம் கிடைத்துவிட்டது என்று மகளுக்குப் புரிந்தது.

கல்யாணத்துக்கு ஒரு கிழமை முன்பு சம்பந்தி அம்மா பிரான்ஸிலிருந்து வந்தார். எழுபது தாண்டியவர், கணவர் இல்லை, ஒரு சிறிய ஊரில் ஆணி, பூட்டு, வர்ணப்பூச்சு விற்கும் கடையை நெடுநாள் நடத்தியவர். எங்கள் வீட்டுக்குள் நுழைந்து கன்னத்தில் கன்னம் வைத்து முடித்ததும் குசினி அலுமாரிக் கதவு சரிந்து நிற்பதைக் கண்டார். கைப்பையிலிருந்து ஒரு சின்னத் திருகாணிச் சாவியை எடுத்து நிமிர்த்திவிட்டுத்தான் உட்கார்ந்தார். என் கணவர் அந்தக் கதவைத் திருத்தப்போவதாகச் சொல்லிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அவர் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்பந்தி அம்மாவுக்கு நோர்வேஜிய மொழி தெரியாது, எங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்த மகள் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் மாற்றிச் சொன்னாள்.

மருமகன் தாயோடு ஒக்சித்தானில் கதைத்தார். தாய் பிரெஞ்சில் பதில் சொன்னார். அவர் மறுபடி ஒக்சித்தானில் கேட்டார். தாய் மறுபடி பிரெஞ்சில், கொஞ்சம் சத்தமாக.

"என்ன சொல்லுறா?" என்று மகளைக் கேட்டேன்.

"விளங்கேல்லையாம். அவ பிரெஞ்சுக்காரியாம். அவரின்ரை மொழி அவவுக்குத் தெரியாதாம்."

"பின்னை இவர் எங்கை பழகினவர்?"

மகள் குரலைத் தாழ்த்தினாள். "பின்னேர வகுப்பிலை, அம்மா. முப்பது வயசிலை."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெரியப்பா இத்தனை நாளும் ஒரு பழங்குடி வீரனாக நினைத்து மதித்துக்கொண்டிருந்த மனிதர், மாலை வகுப்புக்குக் காசு கட்டிப் படித்துத்தான் தாய்மொழிக்காரர் ஆகியிருக்கிறார்.

சம்பந்தி அம்மாவுக்கு நான் சிரித்தது பிடித்துப்போனது. அன்று தேத்தண்ணி குடிக்கும்போது மகளைப் பக்கத்தில் இருத்தி வைத்துச் சொன்னார். அவருடைய தகப்பன் பள்ளிக்கூடத்தில் அந்த மொழியில் ஒரு வார்த்தை சொன்னதற்காகக் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிட்டார்களாம். அடுத்து எந்தப் பிள்ளையின் வாயிலிருந்து அது வருகிறதோ, அந்தப் பிள்ளையின் கழுத்துக்கு அது மாறும். பொழுது சாயும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்கு அடி. அந்த மனிதர் தன் பிள்ளைகளோடு அதில் பேசவே இல்லை. மனைவியோடு பேசினார், கோழிகளோடு பேசினார், கோவேறு கழுதையைத் திட்டினார்.

"அப்ப உங்களுக்கு விளங்கும்," என்றேன் நான். மகள் மாற்றிச் சொன்னாள்.

"கழுதைக்கு விளங்குகிற அளவுக்கு," என்றார் சம்பந்தி அம்மா. "அதற்குப் பெயர் ஒன்றும் கிடையாது. நாட்டுப்புறப் பேச்சு, அவ்வளவுதான். ஒக்சித்தான் என்பது என் மகன் ஒஸ்லோவுக்கு வருவதற்கு முன் நகரத்தில் வாங்கிய சாமான்."

அந்தக் கிழமை முழுக்க எங்கள் வீட்டில் இரண்டு விதமான உரையாடல்கள் நடந்தன. நான் மகளோடு தமிழில் கதைக்க, அவள் நோர்வேஜிய மொழியில் பதில் சொன்னாள். மருமகன் தாயோடு ஒக்சித்தானில் கதைக்க, அவர் பிரெஞ்சில் பதில் சொன்னார். ஒருவருக்கும் ஒன்றும் விளங்காமல் போகவில்லை. குசினியில் நின்று கேட்பவருக்குத்தான் தலை சுற்றியது.

கல்யாணத்துக்கு முதல் நாள் மருமகன் ஒரு அறிவிப்புச் செய்தார். பதிவு மண்டபத்தில் சம்மதம் கேட்கும்போது அவர் ஒக் என்றுதான் சொல்லப்போகிறாராம். அந்த மண்டபத்தில் இதுவரை யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றார். அது உண்மையாகத்தான் இருக்கும். சொல்லாமல் இருந்ததற்கு ஏதாவது காரணம் இருக்கலாம் என்று அவர் யோசிக்கவில்லை.

பெரியப்பா எழும்பி நின்று அவரைக் கட்டிக்கொண்டார். பிறகு மகளைப் பார்த்தார்.

"நீயும் தமிழிலை சொல்லவேணும். ஆம் எண்டு."

"சொல்லுறதெண்டால் ஓம் எண்டுதான் சொல்லுவன், பெரியப்பா. ஆம் எண்டு நான் ஒருநாளும் சொன்னதில்லை."

"ஓம் வாய்ப்பேச்சு. நாலு பேர் முன்னாலை ஆம் எண்டுதான் சொல்லவேணும்."

"நான் கலியாணம் கட்டப் போறன். பேச்சுப் போட்டிக்குப் போகேல்லை."

"இஞ்சை ஓமும் வேண்டாம் ஆமும் வேண்டாம்," என்று என் கணவர் நடுவில் வந்தார். "பிள்ளை நோர்வேஜியனிலை யா எண்டு சொல்லட்டும். ஒரு ஆள் விசர்வேலை பாத்தால் போதும்."

நாற்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவர் சொன்ன புத்திசாலித்தனமான வார்த்தைகளை எண்ணினால் அதற்கு நிச்சயமாக ஒரு இடம் உண்டு.

மார்ச் மாதம். தெருவில் பனி உருகிச் சேறாகக் கிடந்தது. நான் காஞ்சிபுரச் சேலைக்குக் கீழே கம்பளிக் காற்சட்டையும் பனிச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தேன். இந்த நாட்டில் இடுப்புக்கு மேலே மட்டும் படம் எடுக்கச் சொல்வோம். சம்பந்தி அம்மா சாம்பல் நிற உடுப்பில் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெரியப்பா பின்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி, ஒரு மொழியின் வரலாற்றுத் தருணத்தைப் படம் பிடிக்கத் தயாராக நின்றார்.

கல்யாணத்தை நடத்திய பெண் இளவயது, கறுப்பு அங்கி, நல்ல சிரிப்பு. முதலில் என் மகளைக் கேட்டாள். மகள் "யா" என்றாள். பிறகு மருமகனைக் கேட்டாள்.

அவர் மூச்சை இழுத்து, நெஞ்சை நிமிர்த்தி, "ஒக்," என்றார்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல வேண்டும். நோர்வேஜிய மொழியில் 'மற்றும்' என்பதற்கு ஒரு சொல் உண்டு. அழுத்திச் சொன்னால் அதுவும் ஏறக்குறைய ஒக் என்றுதான் காதில் விழும். அந்த மண்டபத்தில் இருந்த நோர்வேக்காரர்கள் எல்லோருக்கும் கேட்டது, இந்தப் பெண்ணை ஏற்றுக்கொள்கிறீர்களா என்ற கேள்விக்கு, 'மற்றும்' என்ற பதில்.

அந்தப் பெண் சிரித்தபடி மிச்சத்துக்காகக் காத்திருந்தாள். மிச்சம் வரவில்லை.

"மற்றும்...?" என்று மெதுவாகத் தூண்டினாள்.

"ஒக்," என்றார் அவர், இன்னும் உறுதியாக.

என் கணவர் என் பக்கம் சரிந்தார். "என்ன, சீதனம் கேக்கிறானோ?"

"சும்மா இருங்கோ."

"பெண்ணும் வேணும், மற்றதும் வேணும் எண்டெல்லோ நிக்கிறான்."

மகள் மருமகனின் முழங்கையை இடித்தாள். அவர் அசையவில்லை. ஒரு பின்னேர வகுப்பு முழுவதும் அவருக்குப் பின்னால் அணிவகுத்து நிற்பதுபோல நின்றார். அந்தப் பெண் அங்கியைச் சரிசெய்துகொண்டு, சம்மதம் எல்லோருக்கும் விளங்கும்படி இருக்க வேண்டும், தனக்கு நிச்சயமாகத் தெரியாமல் மேலே போக முடியாது என்று அன்பாக விளக்கினாள். வாசலில் அடுத்த கல்யாணத்துக்காரர் பூச்செண்டோடு எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். மருமகன் வாயைத் திறந்தார். மூன்றாவது ஒக் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது.

அதற்கு முன் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. எங்கள் சம்பந்தி அம்மா எழும்பி நின்றிருந்தார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆனால் ஒரு கிழமையாக அதன் ஓசையைக் கேட்டிருந்தேன். இது அது இல்லை. இது தொண்டையின் அடியிலிருந்து வந்தது. மேட்டில் நிற்கிற ஒரு பிராணியைப் பள்ளத்தில் நின்று கூப்பிடுகிற குரல். நீளமாக ஒரு வசனம், கடைசியில் "பெஸ்தியாஸ்" என்று ஒரு சொல். யா என்று சொல்லித் தொலை, சனம் காத்துக்கொண்டு நிற்கிறது, மடையா என்பதுதான் அதன் பொருள் என்று பிறகு அறிந்தோம்.

மருமகன் திரும்பித் தாயைப் பார்த்தார். அவருடைய முகத்தை அன்றுவரை நான் அப்படிக் கண்டதில்லை. பிறந்ததிலிருந்து அந்த வாயிலிருந்து அந்த மொழியில் ஒரு சொல்லும் அவர் கேட்டதில்லை. இப்போது ஒரு முழு வசனம், வினை, பெயர், வசவு எல்லாம் சரியாக அமைந்து, ஒஸ்லோவில் ஐம்பது பேர் முன்னால் கிடைத்திருக்கிறது. கண் நிறைந்து, உதடு துடித்து, அவரால் ஒக் என்றும் சொல்ல முடியவில்லை, யா என்றும் சொல்ல முடியவில்லை. விக்கி விக்கி, மூச்சை உள்ளே இழுத்தபோது அந்த மூச்சோடு "யா" என்று ஒரு சத்தம் உள்ளே போனது.

இந்த நாட்டில், முக்கியமாக வடக்கே, சனங்கள் ஆம் என்பதை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டுதான் சொல்வார்கள். பழக்கமில்லாதவர்களுக்கு யாரோ திடுக்கிட்ட மாதிரி இருக்கும். கல்யாணம் நடத்திய பெண்ணின் பேச்சு வடக்கத்திப் பேச்சு. அவள் முகம் விரிந்துவிட்டது. இதைவிடச் சுத்தமான நோர்வேஜிய 'ஆம்' ஒன்றை அவள் எந்த வெளிநாட்டுக்காரரிடமும் கேட்டிருக்க மாட்டாள். உடனே இருவரையும் கணவன் மனைவி என்று அறிவித்துவிட்டாள்.

பெரியப்பாவின் படத்தில் கூரையும் ஒரு காதும் மட்டும் பதிவாகியிருந்தன. சம்பந்தி அம்மாவைப் பார்க்கத் திரும்பிவிட்டாராம்.

அன்று இரவுச் சாப்பாட்டில் மருமகன் தாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். றோல்ஸ் இரண்டு தட்டு முடிந்தது. பிறகு மெல்ல ஒக்சித்தானில் ஏதோ கேட்டார். சம்பந்தி அம்மா பிரெஞ்சில் பதில் சொன்னார்.

"என்னவாம்?" என்றேன்.

"மண்டபத்திலை தான் பிரெஞ்சிலைதான் கதைச்சவவாம்," என்றாள் மகள். "எங்களுக்குக் காது பிழையாம்."

ஐம்பது பேருக்கும் ஒரே நேரத்தில் காது பிழையாகப் போயிருக்கிறது. நான் சம்பந்தி அம்மாவின் தட்டில் இன்னொரு றோல்ஸ் வைத்தேன். அவர் என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாரா, அல்லது மிளகாய் கடிபட்டதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் காலை, மற்றவர்கள் எழும்ப முன், அவர் குசினியில் எனக்கு வெங்காயம் உரித்துத் தந்தார். மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவுடன் அவளைப் பிடித்து என்னிடம் ஒன்று கேட்கச் சொன்னார். உங்கள் மொழியின் பெயருக்கு என்ன அர்த்தம்?

இத்தனை நாளாக இன்னொருவருடைய மொழியின் பெயரை வைத்துப் பகிடி விட்டவள், என்னுடையதற்கு அர்த்தம் சொல்லத் தெரியாமல் வெங்காயத்தோடு நின்றேன். சிறுவயதில் இனிமை என்று சொல்லித் தந்தார்கள். தன் மொழியைக் கசப்பு என்று சொல்லித் தருகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள்? பெரியப்பாவைக் கேட்டால் ஏழெட்டு அர்த்தம் சொல்வார், எல்லாவற்றுக்கும் ஆதாரமும் காட்டுவார், ஒன்றோடொன்று சேராது.

"தெரியாது எண்டு சொல்லு," என்றேன்.

மகள் சொன்னாள். சம்பந்தி அம்மா தலையை ஆட்டினார், சந்தோஷமாகத்தான். பிறகு, வெங்காயத்தை விடாமலே, தன் தாய் வீட்டில் என்ன சொல்வார் என்று சொன்னார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் அலட்டினால், 'ஆட்களைப் போலப் பேசு' என்பாராம். அந்தப் பேச்சுக்கு அந்த வீட்டில் இருந்த பெயர் அதுதான், ஆட்களின் பேச்சு. அந்த வசனத்தை மட்டும் அவர் பிரெஞ்சில் சொல்லவில்லை. நான் காட்டிக் கொடுக்கவில்லை. மகளும் அன்றைக்கு முதல் தடவையாக ஒன்றையும் திருத்தவில்லை.

இப்போது அவர் ஊருக்குத் திரும்பி, ஞாயிற்றுக்கிழமைகளில் மகனுக்குப் போன் எடுக்கிறார். மருமகன் ஒக்சித்தானில் கதைக்கிறார், அவர் பிரெஞ்சில்தான். ஆனால் மருமகன் வகுப்பில் படித்த ஏதாவது சொல்லைப் போட்டால் பொறுக்க முடிவதில்லை. எங்கள் ஊரில் எவனும் அப்படிச் சொல்ல மாட்டான் என்று சரியான சொல்லைச் சொல்லித் திட்டுகிறார். போன கிழமை நத்தைக்கு என்ன சொல்வது என்பதில் தொடங்கி, பக்கத்து ஊர்க்காரர் அதை எப்படிச் சொல்வார்கள், அவர்கள் ஏன் மடையர்கள் என்பதுவரை போயிருக்கிறது. கடைசியில் தாய் கோபத்தில் போனை வைத்துவிட்டார்.

மருமகன் உடனே எனக்கு அழைத்தார். வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துப் பயந்துவிட்டேன்.

"அம்மா என்னோடு சண்டை பிடித்துவிட்டார்," என்றார் அவர், மூச்சு வாங்க. "பத்து நிமிஷம். முழுவதும் அந்த மொழியிலேயே."